ஓட்டுகிறவருக்குக் கடல் தெரியாது

கேள்வி: எனக்கு 59 வயது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று கோவையில் இருக்கிறேன். வரும் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் மெல்பர்னில் மகள் வீட்டில் இருப்பேன். அங்கே கடலோரமாகப் போகும் கிரேட் ஓஷன் ரோட்டில் ஒரு கேம்பர்வேன் (உள்ளேயே படுக்கையும் அடுப்பும் உள்ள வேன்) எடுத்துக்கொண்டு தனியாக நாலைந்து நாள் போய்வர ஆசை. பன்னிரண்டு வருடமாக ஸ்விஃப்ட் ஓட்டுகிறேன். வால்பாறைக்கு நானே ஓட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறேன். மகளுக்கும் மருமகனுக்கும் லீவு கிடையாது. "ஒரு சனிக்கிழமை நாங்க கூட்டிட்டுப் போய் ஒரே நாள்ல காட்டிடறோம்மா, இந்த வயசுல தனியா வேன்ல தூங்கறதெல்லாம் எதுக்கு" என்கிறாள். உண்மையிலேயே பயப்பட வேண்டிய விஷயமா? ராத்திரி கடலோரமாக நிறுத்தித் தூங்கலாமா? கழிப்பறைக்கு என்ன செய்வார்கள்? வலது முட்டியில் கொஞ்சம் வலி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

போகலாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் 11 வருடம் மெல்பர்னில் கேம்பர்வேன் வாடகைக்கு விடும் ஒரு யார்டில் வேலை பார்த்தவன். காலையில் சாவி கொடுப்பது, சாயங்காலம் திரும்பி வரும் வண்டியில் எங்கே என்ன இடிபட்டிருக்கிறது என்று பார்ப்பது, இதுதான் வேலை. இப்போது பயணத் திட்டம் போட்டுக்கொடுக்கிறேன். தனியாகப் போன பெண்கள் கொண்டுவந்து விட்ட வண்டிகள் பெரும்பாலும் கீறல் இல்லாமல்தான் வந்தன. நாலு பேர் சிரித்துக்கொண்டே போன வண்டிதான் கூரை பிய்ந்து வரும்.

உங்கள் மகளின் பயம் வேறு, என் பயம் வேறு. அவளுக்கு ராத்திரியை நினைத்துப் பயம். எனக்குப் பகலை நினைத்துத்தான் பயம். வால்பாறை ஏறும்போது ஆழியாறு அணையை எப்போது பார்த்தீர்கள்? ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கிய பிறகுதான், இல்லையா? அதுவரை பக்கத்து சீட்டில் இருப்பவர் "ஆஹா, அங்க பாரு" என்பார், நீங்கள் ரோட்டைத்தான் பார்ப்பீர்கள். கிரேட் ஓஷன் ரோடும் அப்படித்தான். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறு பக்கம் கடல், நடுவில் ஆளுக்கு ஒரு லேன். தனியாகப் போகிறவருக்கு ஓட்டும் கண்ணும் வேடிக்கை பார்க்கும் கண்ணும் ஒன்றே. "கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்" என்று திரும்பும் அந்த இரண்டு நொடியில்தான் விபத்து நடக்கிறது. ஆகவே ஓட்டும் நேரத்தைக் குறைத்து நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இதையொட்டித்தான்.

டார்க்கீயில் தொடங்கி வார்னம்பூலுக்குச் சற்று முன்னால் அலன்ஸ்ஃபோர்டில் முடியும் இந்த ரோட்டின் நீளம் சுமார் 243 கிலோமீட்டர். கேட்டால் சின்னதாகத் தோன்றும், அதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. ஒரே நாளில் காட்டுகிறேன் என்று மகள் சொல்வதும் பொய்யில்லை, காட்டிவிடலாம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, எல்லா இடத்திலும் பத்து நிமிடம் இறங்கி, போட்டோ எடுத்து, பத்து மணி வாக்கில் வீட்டுக்கு வந்து படுக்கலாம். அது ஒரு நாளில் நவதிருப்பதி பார்ப்பது மாதிரி. புண்ணியம் உண்டு, கோயில் ஞாபகம் இருக்காது.

உங்களுக்கு நான் சொல்வது ஐந்து இரவு: டார்க்கீயில் ஒன்று, அப்போலோ பேயில் இரண்டு, போர்ட் கேம்ப்பெல்லில் இரண்டு. ஆறாம் நாள் கோலாக் வழியாக உள்நாட்டு நெடுஞ்சாலையில் மெல்பர்ன் திரும்பிவிடுங்கள். வந்த கடற்கரை வழியாகவே திரும்பினால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் நம்மூர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டுவது. மேற்கே போகும்போது கடல் உங்கள் இடது கைப்பக்கம், அதாவது உங்கள் லேனை ஒட்டி. ஒதுங்கி நிறுத்தும் இடங்களும் அதே பக்கம் வரும். எதிர்வரிசை வண்டிகளைக் குறுக்கே கடக்கவே வேண்டாம். திரும்பி வரும்போது இது தலைகீழ்.

நீங்கள் சொன்ன இரண்டு மாதத்தில் மார்ச்சைப் பிடியுங்கள். பள்ளி விடுமுறை ஜனவரி கடைசியில் முடிந்துவிடும், ஈஸ்டர் கூட்டத்துக்கு முன்னால் ஒரு நல்ல இடைவெளி கிடைக்கும். வெள்ளி, சனி தவிர்த்து ஞாயிறு மத்தியானம் கிளம்பினால் இன்னும் நல்லது. ஊரே திரும்பி வந்துகொண்டிருக்கும், நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள்.

இப்போது வண்டி. ஆறு பேர் படுக்கும் பெரிய மோட்டார்ஹோம் பக்கமே போகாதீர்கள். டொயோட்டா ஹயேஸ் அளவு வேன், ஹைடாப் கூரை, ஆட்டோமேட்டிக் கியர். ஹைடாப் முக்கியம், உள்ளே நிமிர்ந்து நிற்க முடியவில்லை என்றால் இரண்டாம் நாளே முட்டி உங்களிடம் பேசும். இந்த வேன்களில் பகலில் சோபா, ராத்திரி கட்டில் என்று பலகையையும் மெத்தையையும் மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கும். ஜோடியாக வருகிறவர்களுக்கு இது தினசரிச் சண்டை. நீங்கள் ஒருத்தர்தானே, முதல் நாள் கட்டிலாக விரித்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். உட்கார வெளியே மடக்கு நாற்காலி போதும்.

ஏறும் படியின் உயரத்தை யார்டிலேயே ஏறி இறங்கிப் பாருங்கள். ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்திருக்க வேண்டிய உடம்பு என்றால், மனம் கோணாமல் ஒன்று சொல்கிறேன்: வேனை விடுங்கள், ஒரு சின்ன கார் எடுத்துக்கொண்டு, வேன்கள் ராத்திரி தங்கும் இடமான கேரவன் பார்க்குகளிலேயே கேபின் போட்டுத் தங்குங்கள். கட்டில், கழிப்பறை, சமையல் மேடை எல்லாம் உள்ளேயே இருக்கும். அதே கடல்தான்.

கழிப்பறை பற்றிக் கேட்டீர்கள். சில வேன்களில் கேசட் டாய்லெட் இருக்கும். பெட்டி மாதிரி ஒன்று, நிரம்பினால் இழுத்துக்கொண்டுபோய் அதற்கென்று இருக்கும் டம்ப் பாயின்ட்டில் கொட்டிக் கழுவ வேண்டும். ஒரு ஆளுக்கு ஐந்து நாளைக்கு அந்தத் தலைவலி வேண்டியதில்லை. கேரவன் பார்க்கில் கழிப்பறை, வெந்நீர்க் குளியல், பொதுச் சமையலறை எல்லாம் சுத்தமாக இருக்கும். கழிப்பறைக் கட்டடத்துக்குப் பக்கமாக இடம் வேண்டும் என்று புக் செய்யும்போதே கேளுங்கள், கொடுப்பார்கள். கூடவே "பவர்ட் சைட்" என்று கேளுங்கள். வண்டிக்குக் கரன்ட் கனெக்‌ஷன் அப்போதுதான் கிடைக்கும். வெளிக் கரன்ட் இல்லாமல் உள்பேட்டரியில் விளக்கும் ஃப்ரிட்ஜும் ஓடும், எலெக்ட்ரிக் கெட்டிலும் மைக்ரோவேவும் பொதுவாக ஓடாது.

கடலோரமாக நிறுத்தித் தூங்குவதா? அந்தக் கனவை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். இந்த ரோட்டின் பார்வை முனைகளிலும் கார் பார்க்குகளிலும் வண்டியில் படுத்துத் தூங்கத் தடை. விடிகாலையில் உள்ளாட்சி ஊழியர் வந்து கண்ணாடியைத் தட்டுவார், அபராதச் சீட்டு வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அங்கே போகும், அதாவது எங்கள் யார்டுக்கு. நாங்கள் அதோடு எங்கள் பங்குக்கு ஒரு கட்டணம் சேர்த்து வாடகைக்கு எடுத்தவரின் கார்டில் பிடித்துக்கொள்வோம். பெருமையான வேலை இல்லை, ஆனால் செய்திருக்கிறேன். தனி ஆளுக்கு எப்படியும் கேரவன் பார்க்தான் சரி. சுற்றிலும் ஆள் இருப்பார்கள். அதிலும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரத் தம்பதிகள் வருடக்கணக்கில் கேரவனில் சுற்றுகிறார்கள், "க்ரே நோமட்ஸ்" என்று அவர்களுக்குப் பெயரே உண்டு. தனியாக ஒரு இந்தியப் பெண்மணி வேனில் வந்து இறங்கினால், அரை மணிக்குள் ஒருத்தர் டீக்குக் கூப்பிடுவார். தனிமையைத் தேடிப் போகிறீர்கள் என்றால் அதுதான் பிரச்சினை.

வரவேற்பு அலுவலகத்தை மாலை ஐந்து ஆறு மணிக்கே மூடிவிடுவார்கள், அதற்குள் போய்ச் சேருங்கள். இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் கங்காருவும் அதன் சின்ன வகையான வாலபியும். அந்தி நேரத்திலும் விடியலிலும்தான் ரோட்டுக்கு வரும். வந்துவிட்டால் ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். நேராகப் பிரேக் பிடியுங்கள். விலங்கைத் தப்பவிடப் போய் மரத்தில் மோதியவர்களின் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

யார்டில் சாவி வாங்கும் நாளில் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டியை விளக்குகிறவர் இருபது நிமிடத்தில் முடிக்கப் பார்ப்பார், நீங்கள் ஒரு மணி நேரம் எடுங்கள். அவர் செய்துகாட்டுவதைச் செல்போனில் வீடியோ எடுங்கள். கேஸ் எங்கே மூடுவது, தண்ணீர் எங்கே நிரப்புவது, டீசலா பெட்ரோலா எல்லாம் அதில் வந்துவிட வேண்டும். டீசல் வண்டியில் பெட்ரோல் போட்டுவிட்டு நடுரோட்டிலிருந்து கூப்பிடுவது வாராவாரம் நடக்கும். ஐரோப்பிய வண்டி என்றால் இண்டிகேட்டர் இடது கையில் இருக்கும், முதல் நாள் முழுக்கத் திருப்பத்தில் வைப்பரைப் போடுவீர்கள், பரவாயில்லை.

அப்புறம் ஒப்பந்தம். வங்கியில் இருந்தவருக்குச் சின்ன எழுத்தைப் படிக்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு இடத்தில் மட்டும் விரல் வைத்துக் கேளுங்கள்: கூரையில் படும் சேதமும் வண்டியின் அடிப்பாகச் சேதமும் காப்பீட்டில் வருகிறதா? பல ஒப்பந்தங்களில் வராது. உங்கள் மனதில் ஸ்விஃப்ட் உயரம்தான் பதிந்திருக்கும், இந்த வண்டியோ இரண்டரை மீட்டருக்கு மேல். கார் பார்க் வாசலில் தொங்கும் கம்பி கூரையைச் சீவிவிடும். வண்டியின் உயரத்தை ஒரு பேப்பரில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அதன் கீழேயே நாலு வார்த்தை: வயர், படி, ஜன்னல், கேஸ். கரன்ட் வயரைப் பிடுங்காமல், படியை உள்ளே தள்ளாமல் கிளம்பிய வண்டிகளால்தான் எங்கள் பட்டறையில் பாதி வேலை. இரண்டு பேர் இருந்தால் ஒருத்தருக்காவது ஞாபகம் வரும்.

ரிவர்ஸும் அப்படித்தான். பின்னால் நின்று "வரட்டும், வரட்டும், போதும்" என்று தட்ட ஆள் இல்லை. கேமராவை மட்டும் நம்பாதீர்கள். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு ஏறுங்கள், தேவைப்பட்டால் மறுபடி இறங்குங்கள். பின்னால் எடுக்கத் தேவையில்லாமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் இடம் சில பார்க்குகளில் உண்டு, "டிரைவ் த்ரூ" என்று கேளுங்கள்.

முதல் நாள் டார்க்கீயோடு நின்றுவிடுங்கள், மெல்பர்னிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான். இரண்டாம் நாள் அப்போலோ பே வரை. ஏரிஸ் இன்லெட்டில் 1891-இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம், அதைத் தாண்டி ஈஸ்டர்ன் வியூவில் மரத்தாலான நினைவு வளைவு. அங்கே போட்டோவுக்காக நடுரோட்டில் நிற்பார்கள், மெதுவாகப் போங்கள். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சுமார் 3,000 சிப்பாய்கள் 1919-லிருந்து 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாக வெட்டிய ரோடு இது. போரில் செத்துப்போன தோழர்களுக்கு நினைவுச்சின்னமாக இந்த ரோட்டையே வைத்தார்கள். 1924-இல் கேப் பேட்டனுக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் பாறையில் மோதி, பாரம் குறைக்க 500 பீப்பாய் பீரைக் கடலில் தள்ளியதாம். பீப்பாய்கள் கரை ஒதுங்கியதும் இரண்டு வாரம் ரோட்டு வேலை நின்றுபோனது என்று சொல்வார்கள். அந்த முனையைக் கடக்கும்போது நான் எப்போதும் இதை நினைத்துக்கொள்வேன்.

இந்தப் பகுதியில்தான் ரோடு கடலை ஒட்டியே ஓடும், வளைவுகளும் இங்கேதான். வால்பாறையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு ஓட்டிய கைக்கு இது பெரிய விஷயமில்லை. பின்னால் வண்டி வரிசை கட்டினால் மட்டும் பதற்றப்படாதீர்கள். ஹாரன் அடிக்க மாட்டார்கள், ஒட்டிக்கொண்டு வருவார்கள். அடுத்த ஒதுங்குமிடத்தில் இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் ஒதுங்கி எல்லோரையும் விட்டுவிடுங்கள். ஒதுங்கியதுதான் ஒதுங்கினீர்கள், இறங்கிக் கடலைப் பாருங்கள்.

அப்போலோ பே தாண்டினால் கடல் மறைந்து ஆட்வே காடு வந்துவிடும். இரண்டு ராத்திரி அங்கே தங்கச் சொன்னதும் அதற்காகத்தான். நடுவில் ஒரு நாள் மெயிட்ஸ் ரெஸ்ட்டில் நடந்துவிட்டு வாருங்கள், 800 மீட்டர் தூரம்தான், பெரும்பாலும் மரப்பலகைப் பாதை, முட்டி தாங்கும். ஆளுயரப் பெரணிகளும் மிர்ட்டில் பீச் என்ற பழைய காட்டு மரங்களும் பாசி படிந்து நிற்கும். அப்படியே 1848-ஆம் வருடத்துக் கேப் ஆட்வே கலங்கரை விளக்கம்வரை போகலாம். போகும் வழியில் மரக்கிளையின் இடுக்கில் கோலா தூங்கும். முன்னால் போகிற கார் திடீரென்று நின்றால் காரணம் அதுதான், இடைவெளி விட்டே ஓட்டுங்கள். காட்டுக்குள் செல்போன் சிக்னல் போய்ப்போய் வரும். மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் நீங்கள் பெரணி பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவள் போலீஸைக் கூப்பிட்டுவிடுவாள்.

போர்ட் கேம்ப்பெல்லிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ட்வெல்வ் அப்போசல்ஸ். பெயரில்தான் பன்னிரண்டு. அலை அரித்து அரித்துக் கரையிலிருந்து பிரிந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் தூண்கள் அவை. பன்னிரண்டு என்று எண்ணி நின்றதே கிடையாது. 2005-இல் அதிலும் ஒன்று சரிந்து விழுந்தது. மெல்பர்னிலிருந்து வரும் டூரிஸ்ட் பஸ்கள் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வந்து சேரும். நீங்கள் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்பி எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருந்தால், மேடையில் உங்களோடு நாலு பேர் இருப்பார்கள். மகளின் ஒரு நாள் திட்டத்தில் கிடைக்காதது இந்த ஒரு மணி நேரம்தான். கிப்சன் ஸ்டெப்ஸில் 86 படி, இறங்குவது சுலபம், ஏறுவதை யோசித்து முடிவு செய்யுங்கள். மணலில் இறங்காமல் மேலிருந்தே பார்த்தாலும் குறையில்லை.

வேலியை மட்டும் தாண்டாதீர்கள். போட்டோவுக்காகத் தாண்டுகிறவர்களைப் பார்ப்பீர்கள். 1990 ஜனவரியில் லண்டன் பிரிட்ஜ் என்ற பாறைப் பாலத்தின் கரையோர வளைவு பொலபொலவென்று விழுந்து, முனையில் நின்ற இரண்டு பேர் கடலுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வந்துதான் மீட்டது. அந்தக் கல் அப்படிப்பட்டது. கடலில் இறங்குவதானாலும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். கொடி இல்லையென்றால் கால் நனைப்பதோடு சரி. உங்களை இழுத்தால் கத்தக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

நான் உண்மையில் பயப்படும் ஒன்று காட்டுத்தீ. மார்ச்சிலும் தீக்காலம் முடிந்திருக்காது. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல், தப்பிக்க இருக்கும் வழிகள் சில. 2015 கிறிஸ்துமஸ் அன்று வை ரிவர், செப்பரேஷன் கிரீக் இரண்டு ஊரிலும் சேர்த்து 116 வீடு எரிந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை, சொன்னவுடனே கிளம்பிவிட்டார்கள். விக்எமர்ஜென்சி என்ற செயலியைப் போனில் போட்டுக்கொண்டு தினமும் காலையில் காபிக்கு முன் பாருங்கள். தீ அபாயம் "எக்ஸ்ட்ரீம்" அல்லது அதற்கு மேல் என்று போட்டிருந்தால் அன்று காட்டுக்குள் போக வேண்டாம், முந்தின நாளே ஊர்ப்பக்கம் வந்துவிடுங்கள். அவசர எண் 000.

சாப்பாட்டுக்கு மெல்பர்ன் புறநகரான டான்டினாங் கடைகளில் மாவு, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும், கோவையிலிருந்து கொண்டு போகாதீர்கள். பச்சை இலையும் விதையும் விமான நிலையத்தில் குப்பைக்குத்தான் போகும். மற்ற பொடி, ஊறுகாய், இனிப்பு எதுவானாலும் படிவத்தில் டிக் செய்து காட்டிவிடுங்கள், மறைத்தால்தான் அபராதம். வேனுக்குள் தாளிக்க வேண்டாம். புகை அலாரம் அலறும், மெத்தையெல்லாம் மூன்று நாளைக்குப் பெருங்காயம் மணக்கும். தாளிப்பதைப் பொதுச் சமையலறையில் வைத்துக்கொள்ளுங்கள். டீ போட உள்ளே அடுப்பு பற்றவைத்தால் ஜன்னலைத் திறந்துவையுங்கள். குளிருகிறது என்று அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. மார்ச்சிலும் ராத்திரி குளிரும், ஒரு போர்வை கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் கோவை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு வாங்கி, நம்மூர் லைசென்ஸோடு சேர்த்து வையுங்கள். மெல்பர்ன் போனதும் மகளின் காரில், அவள் காப்பீட்டில் இடமிருந்தால், இரண்டு வார இறுதி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள். ரவுண்டானா, ஸ்பீட் கேமரா, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் 40 எல்லாம் அதில் பழகிவிடும். இரண்டாவது வாரமும் அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தால், என் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு அவள் பேச்சைக் கேளுங்கள்.

கடைசியாக, மகளைச் சமாதானப்படுத்த என்னிடம் உள்ள ஒரே அஸ்திரம்: வாடகை ஒப்பந்தத்தில் அவள் பெயரை இரண்டாவது ஓட்டுநராகச் சேர்த்துவிடுங்கள். சாவி வாங்கும் அன்று அவளும் தன் லைசென்ஸோடு யார்டுக்கு வர வேண்டியிருக்கும், ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டால் போதும். நடுவழியில் உங்களுக்குக் காய்ச்சலோ, முட்டி வீங்கியதோ, "போதும், முடியலை" என்றோ ஆகிவிட்டால், அவள் மெல்பர்னை அடுத்த ஜிலாங் ஊரிலிருந்து பஸ் பிடித்து அப்போலோ பேக்கு வரலாம், இல்லை மெல்பர்னிலிருந்து ரயிலேறி வார்னம்பூலில் இறங்கி அங்கிருந்து உங்களிடம் வரலாம். வண்டியை அவள் ஓட்டிக்கொண்டு வருவாள். அப்படி வந்தால் மட்டும் கடற்கரை வழியாகவே திரும்புங்கள், நீங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள்.